சுவரொட்டி சரி, ஈரல் இப்போ வேணாம்

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். அக்காவுக்கு மூணாவது மாசம், டெஸ்ட்ல ஹீமோகுளோபின் 9.2, பரதராமில இருக்க ஆயா தெனம் போன் போட்டு சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிக் குடு ஈரல் வாங்கிக் குடுன்றாங்க, சித்தூர்ல உங்க கூட வேலை செய்றவரு ஈரல்னா உடம்பு அழுக்கு மொத்தமும் தங்குற எடம், தொடவே கூடாதுன்றாரு, கொலஸ்ட்ரால்னு வேற பயம் காட்டுறாரு, இதுல யார் பேச்ச கேக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. ஆயா சொன்னதுல பாதி ரொம்ப சரி. மீதி பாதியும் சரி தான், ஆனா அது வீட்ல இருக்க மத்தவங்களுக்கு, உங்க அக்காவுக்கு இப்போ இல்ல. கூட வேலை செய்றவரு அக்காவுக்கு ஈரல் வேணாம்னு சொன்னது தற்செயலா சரியா போச்சு, அவரு சொன்ன காரணம் தான் தப்பு.

நான் குடியாத்தத்துக்காரி. பெரியப்பாவுக்கு கறிக்கடை, சின்ன வயசுல ஞாயித்துக்கிழமன்னா விடியறதுக்கு முன்னாடியே கடைல போய் உக்காந்து அவரு ஒவ்வொண்ணா வெட்டி எடுக்கறத வேடிக்க பாத்துட்டு இருப்பேன். அப்புறம் படிச்சது நியூட்ரிஷன், இப்போ பார்டர் தாண்டி ஒரு ஆஸ்பத்திரில டயட்டீஷியன். அதனால தொங்கவிட்ட ஆட்டுல எது எங்க இருக்கும்னும் தெரியும், ரிப்போர்ட்ல வர நம்பருக்கு என்ன அர்த்தம்னும் தெரியும், ரெண்டயும் சேத்து சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். ஈரல், குடல், மூளை, சுவரொட்டி எல்லாத்தயும் ஒரே கூடைல போட்டு இது நல்லதா கெட்டதான்னு கேட்டா பதில் சொல்லவே முடியாது. கத்திரிக்காயும் கருவேப்பிலயும் செடில இருந்து வருதுன்றதுக்காக ரெண்டும் ஒண்ணா? ஒவ்வொரு உறுப்பும் ஆட்டுக்குள்ள வேற வேற வேலை பாத்துட்டு இருந்துச்சு, அந்த வேலைக்கு தகுந்த சத்து தான் அதுல இருக்கும். இத மட்டும் பிடிச்சிக்கிட்டா மத்ததெல்லாம் தானா வெளங்கிடும்.

சுவரொட்டிய எடுத்துக்கோங்க. அது தான் மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒண்ணு தான், கையளவு கூட வராது, கருஞ்செவப்பா பட்டையா இருக்கும். அதோட வேலை என்ன? ரத்தத்துல இருக்க செவப்பணு கொஞ்ச காலம் ஓடும், நமக்குன்னா ஒரு 120 நாள், அப்புறம் வயசாகி தேஞ்சு போகும், அத புடிச்சு ஒடச்சு அதுல இருக்க இரும்ப திருப்பி எடுத்து வெக்கறது மண்ணீரல். பழைய இரும்புக்கடன்னே வெச்சுக்கோங்களேன். அதனால இரும்பு அங்க குமிஞ்சு கெடக்கும். செம்மறி ஆட்டு மண்ணீரல் பச்சையா 100 கிராம் எடுத்தா கிட்டத்தட்ட 42 மில்லிகிராம் இரும்பு. அதே ஆட்டு ஈரல்ல 7 மில்லிகிராம் சொச்சம், சாதா கறில 2, 3 மில்லிகிராம் தான், கீரையெல்லாம் கிட்டத்தட்ட அந்த ரேஞ்ச் தான், அதுவும் கீரை இரும்பு ஒடம்புல சேர்றது ரொம்ப கம்மி. (இந்த கணக்கெல்லாம் செம்மறிக்கு எடுத்தது, வெள்ளாட்டுக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா வரிச மாறாது.) எந்த லேபும் இல்லாத காலத்துல புள்ளத்தாச்சிக்கும் பிள்ள பெத்தவளுக்கும் வயசுக்கு வந்த பொண்ணுக்கும் சுவரொட்டிய ஒதுக்கி வெச்சாங்க பாருங்க, யார் கண்டுபிடிச்சாங்களோ தெரியல, எனக்கு இப்பவும் ஆச்சரியம் தான்.

ஆனா 42ன்ற நம்பர பாத்து ஏமாந்துடாதீங்க. முழுங்கறதெல்லாம் ரத்தத்துல ஏறாது. கறில இருக்க ஹீம் இரும்புன்னு ஒரு வகை, அதுல 15ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் ஒடம்பு எடுத்துக்கும். மண்ணீரல்ல இருக்கறது எல்லாமே ஹீம் இல்ல, சேமிச்சு வெச்ச வேற வடிவத்துலயும் நெறைய இருக்கு, அது அவ்ளோ சுலபமா ஏறாது. சரி, கம்மியா 10 சதவீதம்னே போடுங்க, ஒரு சுவரொட்டி 50 கிராம் வந்தா 20 மில்லிகிராம் இரும்பு, அதுல 2 மில்லிகிராம் ரத்தத்துக்கு. சின்னதா தெரியுதா? சாதாரணமா ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு ரத்தத்துல சேர வேண்டிய இரும்பே கிட்டத்தட்ட அவ்ளோ தான். கர்ப்பம்னா போகப் போக அது ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆகும். அதனால சுவரொட்டி நல்ல சாப்பாடு, மருந்து இல்ல. மாத்திரைக்கு பதிலா சுவரொட்டின்னு ஆயா சொன்னா அங்க மட்டும் தலையாட்டாதீங்க.

இன்னொரு விஷயம், அக்காவுக்கு இது தான் முக்கியம், சுவரொட்டில வைட்டமின் ஏ இல்லன்னே சொல்லலாம். இது ஏன் நல்ல சேதின்னு ஈரல் பக்கம் போனா புரியும்.

ஈரல பத்தி நெறைய சொல்லணும், ஏன்னா வைத்திய சரித்திரத்துல ஈரலுக்கு ஒரு பெரிய கதையே இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி பெர்னிஷியஸ் அனீமியான்னு ஒரு ரத்தக் கொறைவு வியாதி வந்தா ஆள் பொழைக்கறது கஷ்டம், மருந்தே கெடயாது. அமெரிக்கால விப்பிள்னு ஒரு டாக்டர் நாய்களுக்கு ரத்தம் எடுத்து அனீமியா வரவெச்சு எந்த சாப்பாட்டுல சீக்கிரம் தேறுதுன்னு பாத்தாரு, ஈரல் தான் முந்துச்சு. அத பாத்துட்டு மைனாட், மர்ஃபின்னு ரெண்டு பேர் 1926ல நோயாளிங்களுக்கு தெனம் கால் கிலோவுக்கு கொஞ்சம் கம்மியா ஈரல் சாப்பிட வெச்சாங்க, சாகக் கெடந்தவங்க எழுந்து நடந்தாங்க. 1934ல மூணு பேருக்கும் நோபல். இதுல எனக்கு ரொம்ப புடிச்ச எடம் என்னன்னா, விப்பிளோட நாய் தேறுனது ஈரல்ல இருந்த இரும்பால, மனுஷங்க தேறுனது அதுல இருந்த பி12ஆல, ரெண்டும் வேற வேற காரணம், ஆனா ஒரே ஈரல். பி12அ தனியா பிரிச்சு எடுக்கவே 1948 ஆயிடுச்சு.

நம்ம நாட்டுக்கும் இதுல பங்கு இருக்கு. லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலீஷ் டாக்டரம்மா 1928ல பம்பாய்க்கு வந்து மில்லு வேலைக்காரங்க வீட்டு கர்ப்பிணிங்களுக்கு ஏன் ரத்தம் இப்படி கொறையுதுன்னு பாத்தாங்க. சுத்தம் பண்ணாத ஈரல் சாறுக்கும் ஈஸ்ட் சாறுக்கும் கேட்டுச்சு, நல்லா சுத்தம் பண்ண ஈரல் மருந்துக்கு கேக்கல. அப்போ ஈரல்ல இன்னொண்ணும் இருக்கணுமில்ல? அது தான் பின்னாடி ஃபோலிக் ஆசிட்னு பேர் வாங்குச்சு. அத ஈரல்ல இருந்து பிரிச்சு, லேப்லயே தயாரிக்கற வழிய 1945 வாக்குல கண்டுபிடிச்ச குழுவ நடத்துனது யாரு தெரியுமா, எல்லாப்ரகட சுப்பாராவ். நீங்க இப்போ இருக்க ஆந்திராக்காரரு தான், 1895ல பீமவரத்துல பொறந்தவரு, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. அவரோட அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஸ்ப்ரூன்ற குடல் வியாதில போனாங்க, அவருக்கும் அது வந்து தப்பிச்சாரு, பின்னாடி அதே வியாதிக்கு ஃபோலிக் ஆசிட் தான் மருந்தாச்சு. உங்க அக்கா கைல இருக்க மஞ்ச மாத்திரை இந்த கதைல இருந்து வந்தது. அவர பத்தி நம்ம புள்ளைங்க நெறைய பேருக்கு தெரியலன்னு எனக்கு ஒரு ஆதங்கம், சரி அத விடுங்க.

ஈரல்ல என்ன இருக்குன்னா, செம்மறி ஈரல் 100 கிராம்ல 20 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு, 140 கலோரி தான். ஃபோலேட், அதாவது ஃபோலிக் ஆசிட் சாப்பாட்டுல இருக்க வடிவம், 230 மைக்ரோகிராம். பி12 90 மைக்ரோகிராம், நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ரெண்டு ரெண்டரை தான். இவ்ளோ எங்க இருந்து வருது? ஆடு மாடு வயித்துல இருக்க பாக்டீரியா தான் பி12 தயாரிக்குது, ஆடு அத உறிஞ்சி ஈரல்ல சேத்து வெக்குது. கோழிக்கு அந்த மாதிரி வயிறு கெடயாது, அதனால கோழி ஈரல்ல 16, 17 மைக்ரோகிராம் தான், அதுவே தாராளம். ஆனா இங்கயும் ஒரு கட்டுப்பாடு இருக்கு. ஒரு வேளைக்கு ஒண்ணரை ரெண்டு மைக்ரோகிராமுக்கு மேல குடல் ஒழுங்கா உறிஞ்சாது, மிச்சத்துல ஒரு சதவீதம் போல தான் போகும். அதனால அரை கிலோ ஈரல ஒரே மூச்சுல தின்னு பி12அ ஏத்திடலாம்னு நெனைக்காதீங்க, நாலு துண்டு தின்னாலே அந்த வேளைக்கான வேலை முடிஞ்சுது. கோழி ஈரல எளப்பமா நெனைக்க வேணாம், இரும்பு அதுல 9 மில்லிகிராம், ஆட்டு ஈரல விட ஜாஸ்தி, ஃபோலேட் ரெண்டு மடங்குக்கும் மேல, விலையோ கறி விலைல கால்வாசி கூட வராது. அத கேட்டு வாங்கறவங்க இன்னும் கம்மி தான்.

இப்போ விஷயத்துக்கு வரேன், வைட்டமின் ஏ. ஆட்டு ஈரல் 100 கிராம்ல கிட்டத்தட்ட 7,400 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 900. இதுக்கு மேல போகாதீங்கன்னு வெச்சிருக்க எல்லை 3,000. அப்போ 50 கிராம், ஒரு கரண்டி ஈரல் வறுவல், அதுலயே எல்லை தாண்டிடுச்சு. முருங்கக்கீரைலயும் கேரட்லயும் பப்பாளிலயும் இருக்கறது வேற, அது கரோட்டின், ஒடம்பு தனக்கு வேண்டிய அளவு தான் அத வைட்டமினா மாத்தும், அதால இந்த பிரச்சனை வராது. ஈரல்ல இருக்கறது ரெடிமேட், அப்படியே ரத்தத்துல போகும். கொழந்தைக்கு தல, மொகம், இதயம் எல்லாம் உருவாகற மொத மூணு மாசத்துல இது அளவுக்கு மீறி போனா ஊனம் வர வாய்ப்பு இருக்குன்னு பயப்படறாங்க. 1995ல அமெரிக்கால 22 ஆயிரத்துக்கும் மேல கர்ப்பிணிங்கள வெச்சு பண்ண ஆராய்ச்சில மாத்திரையா வைட்டமின் ஏ நெறைய எடுத்துக்கிட்டவங்களுக்கு ரிஸ்க் கூடுதுன்னு வந்துச்சு. அது மாத்திரை தான், ஈரல் இல்ல, உண்மைய சொல்லணும். ஆனாலும் இங்கிலாந்துல கர்ப்பிணிங்க ஈரலே சாப்பிட வேணாம்னு தான் அரசாங்கமே சொல்லுது. நம்ம பக்கம் இத யாரும் சொல்றதில்ல, நேர் எதிரா ஈரல் சாப்பிடும்மான்னு தான் எழுதிக் குடுப்பாங்க.

நானும் எழுதிக் குடுத்திருக்கேன். வேலைக்கு சேந்த புதுசுல, ரத்தம் கொறஞ்ச ரெண்டு மாச கர்ப்பிணிக்கு வாரத்துல மூணு நாள் ஈரல்னு சார்ட்ல எழுதிட்டேன், அங்க இருந்த ஒரு சீனியர் டாக்டரம்மா அந்த பேப்பர கையில எடுத்து என்ன பாத்து, ஏம்மா இதுல வைட்டமின் ஏ எவ்ளோன்னு கணக்கு போட்டியான்னு கேட்டாங்க. போடல. இரும்ப மட்டும் பாத்தேன். நல்ல வேளை அந்த பொண்ணு அதுக்குள்ள ஒரு தடவ கூட சமைக்கல, வாந்தில கறி வாசனையே ஆகலன்னு சொல்லுச்சு. அன்னில இருந்து ஈரல்னு எழுதறதுக்கு முன்னாடி எதிர்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு தான் எழுதறேன். அக்கா ஏற்கனவே ரெண்டு மூணு தடவ சாப்பிட்டுட்டாங்கன்னா பதற வேணாம், டாக்டர் கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க, இனிமே பிரசவம் வரைக்கும் ஈரல் வேணாம் அவ்ளோ தான். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் அதே கணக்கு தான், அதுவும் வேணாம்.

மத்தவங்களுக்கு இதே கணக்க திருப்பி பாருங்க. வாரத்துக்கு ஒரு நாள் 100 கிராம் சாப்பிட்டா 7,400, அத ஏழால வகுத்தா நாளைக்கு ஆயிரம் சொச்சம், ஒரு ஆளுக்கு வேண்டிய வைட்டமின் ஏ அப்படியே சரியா வருது. மிச்ச நாளைக்கு ஈரல்லயே சேத்து வெச்சுக்கும், நம்ம ஈரல்ல. அதனால உங்களுக்கு, மாமாவுக்கு, வயசுக்கு வந்த தங்கச்சி இருந்தா அவங்களுக்கு, ஞாயித்துக்கிழம ஒரு நாள் ஈரல் பிரமாதம். தெனம் வேணாம். சின்ன கொழந்தைங்களுக்கு ரெண்டு சின்ன துண்டு, வாரத்துக்கு ஒரு தடவ, அதுவும் அங்கன்வாடில வைட்டமின் ஏ சொட்டு போட்ட வாரம்னா அந்த வாரம் விட்டுடுங்க.

இந்த அழுக்கு கதை. ஈரல் வடிகட்டின்னு யாரோ சொல்லி எல்லார் மனசுலயும் டீ வடிகட்டி மாதிரி ஒரு படம் ஒட்டிக்கிச்சு, சக்க எல்லாம் அதுலயே தங்கும்னு. ஈரல் அப்படி வேலை செய்யாது. வர விஷத்த ஒடச்சு, மாத்தி, ஒண்ணு பித்தத்து வழியா குடலுக்கு தள்ளும், இல்லன்னா கிட்னிக்கு அனுப்பும். தன்கிட்ட சேத்து வெச்சுக்கறது எதன்னா வைட்டமின் ஏ, பி12, இரும்பு, தாமிரம், சர்க்கரை, இதெல்லாம் தான். நல்ல சரக்க குடோன்ல அடுக்கி வெக்கற மாதிரி. ஆனா உங்க கூட வேலை செய்றவரு சொல்றதுல துளி உண்மையும் இருக்கு, காட்மியம் மாதிரி உலோகம் வருஷக்கணக்கா ஈரல்லயும் அத விட கிட்னிலயும் சேரும். அதனால தான் கெழட்டு ஆடு மாட்டோட ஈரல், கிட்னி வேணாம், எளசு ஆடா பாத்து வாங்குங்கன்றது. ஊசி போட்ட ஆட்ட அந்த மருந்து ஒடம்ப விட்டு போறதுக்குள்ள அறுத்தாலும் ஈரல்லயும் கிட்னிலயும் அது மிச்சம் இருக்கும். தெரிஞ்ச கடைல வாங்கறதுக்கு இத விட வேற காரணம் வேணுமா?

உண்மைல கண்ண தொறந்து பாக்க வேண்டியது வேற ஒண்ணு. பெரியப்பா ஈரல எடுத்த ஒடனே வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு ரெண்டு பக்கமும் திருப்பிப் பாப்பாரு, கட்டவிரலால அழுத்துவாரு. பளபளன்னு, அழுத்துனா திரும்ப எழும்பற மாதிரி இருக்கணும். சில ஈரல்ல, நுரையீரல்ல, வெள்ளையா தண்ணி கோத்த கட்டி இருக்கும், கோலி குண்டு அளவுல இருந்து எலுமிச்ச அளவு வரைக்கும். நீர்க்கட்டி. அது நாயோட குடல்ல இருக்க ஒரு நாடாப்புழுவோட குஞ்சு. நாய் கழிவுல முட்ட வரும், அது ஒட்டுன புல்ல ஆடு மேயும், ஆட்டு ஈரல்ல கட்டி ஆகும், கறிக்கடைக்காரரு அந்த ஈரல வெட்டி கடை வாசல்ல நிக்கற நாய்க்கே போடுவாரு, நாய் வயித்துல திரும்ப புழு. சுத்தி சுத்தி இதான். அந்த ஈரல வேக வெச்சு தின்னா நமக்கு அந்த வியாதி வராது, ஆனா அத தின்ன நாய தடவிக்குடுத்துட்டு கை கழுவாம சாப்பிட்டா, இல்ல அந்த நாய் போன எடத்துல வெளஞ்ச கீரைய சரியா கழுவலன்னா வரும், நம்ம ஈரல்லயே அந்த கட்டி வளந்து ஆபரேஷன் வரைக்கும் போகும். பெரியப்பா அந்த மாதிரி வந்தா முழுசா எடுத்து கொல்லைல ஆழமா குழி தோண்டி பொதச்சிடுவாரு, நஷ்டம் தான், ஆனா எதுக்குன்னு கேட்டா அவருக்கு நாடாப்புழு கதையெல்லாம் தெரியாது, நாய்க்கு போட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு அவங்க நைனா சொன்னாராம். அப்புறம் ஏரி ஓரம் மேஞ்ச ஆட்டு ஈரல்ல குழாய் தடிச்சு வெள்ளையா இருந்தா அது தட்டப்புழு, அதயும் வாங்காதீங்க.

அதே பெரியப்பாவ தான் ஈரல் கவுத்துடுச்சு. கடைல தெனம் மிச்சம் ஆகற ஈரல், கிட்னி எல்லாம் அவரு தட்டுல தான், ஐம்பது வயசு தாண்டுன ஒடனே ஒரு ராத்திரி கால் கட்டவிரல் வீங்கி செவந்து போர்வ பட்டாலே அலறுனாரு. யூரிக் ஆசிட். ஈரல், கிட்னி, மூளை எல்லாத்துலயும் பியூரின் ஜாஸ்தி, அது ஒடஞ்சு யூரிக் ஆசிட் ஆகும், வெளிய போகலன்னா மூட்டுல ஊசி ஊசியா படியும். வீட்ல யாருக்காவது யூரிக் ஆசிட் இருந்தா, கிட்னி கல்லு வந்திருந்தா, உள்பாகம் எதுவும் வேணாம், சுவரொட்டியும் சேத்து தான் சொல்றேன். தலசீமியா மேஜர்னு பரம்பரையா வர ரத்தக் கோளாறுக்கு அடிக்கடி ரத்தம் ஏத்திக்கறவங்களுக்கு இரும்பே எதிரி, அவங்களுக்கும் கூடாது.

கொலஸ்ட்ரால் விஷயம். ஈரல்ல 100 கிராமுக்கு 370 மில்லிகிராம், கிட்டத்தட்ட ரெண்டு முட்டை. மூளைல 1,350. ஆமா, ஆயிரத்து முந்நூத்தி ஐம்பது. ரத்தத்துல இருக்க கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு நம்ம ஈரலே தயாரிக்கறது, சாப்பாட்டுல வரது நெறைய பேருக்கு அவ்ளோவா ஏத்தாது, அமெரிக்காலயே 300 மில்லிகிராம் வரம்புன்னு எழுதி வெச்சிருந்தத 2015ல எடுத்துட்டாங்க. சுகர் இருக்கவங்க, ஹார்ட் பிரச்சன இருக்கவங்க, குடும்பத்துலயே சின்ன வயசுல அட்டாக் வந்த வழி இருக்கவங்க மட்டும் அளவா இருக்கணும், மூளைய மொத்தமா விட்டுடணும். மத்தவங்களுக்கு என் பயம் ஈரல் மேல இல்ல, அத வறுக்கற எண்ணெய் மேலயும் கூட போற பரோட்டா மேலயும் தான்.

மத்த ஐட்டங்கள சுருக்கமா சொல்லிடறேன். ரத்தம்: நம்ம பக்கம் ரத்தப் பொரியல், சித்தூர்ல நல்லான்னு சொல்வாங்க. ஒரு டெசிலிட்டர் ஆட்டு ரத்தத்துல 10 கிராம் ஹீமோகுளோபின் இருந்தா இரும்பு மட்டும் 34 மில்லிகிராம், எல்லாமே ஹீம், அதனால சுவரொட்டிய விட நல்லாவே ஏறும். ஆனா ரத்தம் சட்டுனு கெடும், எந்த பாத்திரத்துல எப்படி புடிச்சாங்கன்னு தெரியணும், அக்காவுக்கு இப்போ அந்த ரிஸ்க் வேணாம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் பாய் கடைல ரத்தம் கெடைக்காது, அவங்க மார்க்கத்துல ஓடற ரத்தம் ஹராம், ஆனா ஈரலும் மண்ணீரலும் ரத்தம் மாதிரி இருந்தாலும் ஹலால், அத தனியாவே சொல்லி வெச்சிருக்காங்க.

போட்டி, அதான் குடலும் வயிறும், சங்கட்டிக்கு (கேழ்வரகு களி) அத விட்டா ஜோடி இல்லன்னு சித்தூர்காரங்க சொல்றது சரி தான், ருசிக்கு நானும் ஓட்டு போடறேன். சத்துன்னு பாத்தா 100 கிராமுக்கு 12 கிராம் போல புரதம், இரும்பெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல. பொஸ்தகம் மாதிரி மடிப்பு மடிப்பா இருக்குமே அந்த வயிறு, அத சுண்ணாம்பு போட்டு வெந்நீர்ல கருப்புத் தோல் உரியற வரைக்கும் தேய்க்கணும், குடல உள்ள வெளிய திருப்பி கழுவணும், அந்த பொறுமை இல்லன்னா வாங்காதீங்க. ஆட்டுக்கால் சூப்பு எலும்ப ஒட்ட வெக்கும்னு ஆயா அடுத்து சொல்வாங்க பாருங்க. எலும்பு எவ்ளோ கொதிச்சாலும் கால்சியம் தண்ணில கொஞ்சம் தான் எறங்கும், எறங்கறது ஜெலட்டின், அது அரகொற புரதம். சூடா, உப்பா, மொளகு போட்டு குடிக்க நல்லா இருக்கும், வாந்தி எடுக்கற பொண்ணுக்கு தெம்பா இருக்கும், அதுக்கு குடுங்க. கால்சியம் வேணும்னா அந்த சங்கட்டியே போதும், கேழ்வரகு 100 கிராம்ல 360 மில்லிகிராமுக்கு மேல இருக்கு.

ஹார்ட் நல்லது, கறி மாதிரியே தான், இரும்பு கொஞ்சம் கூட. நுரையீரல அமெரிக்கால 1971ல இருந்து மனுஷங்க சாப்பிட விக்கவே கூடாது, அறுக்கும்போது வயித்துல இருக்கறது அதுக்குள்ள போயிடுதுன்னு காரணம் சொல்றாங்க. நம்ம ஊர்ல ஈரலோட சேத்து தள்ளி விட்டுடுவாங்க, எனக்கு அந்த பஞ்சு மாதிரி இருக்கறது சின்ன வயசுல இருந்தே ஆகாது. கோழில இரைப்பை இருக்கு பாருங்க, ஆந்திரால கந்தனகாயன்னு வறுப்பாங்க, அது நல்ல புரதம், கொழுப்பு ரொம்ப கம்மி, அக்காவுக்கு தாராளமா குடுக்கலாம்.

இப்போ அக்காவுக்கு நேரா. கர்ப்பத்துல ஹீமோகுளோபின் 11க்கு கீழ போனா அனீமியா, 7ல இருந்து 9.9 வரைக்கும் நடுத்தரம், அதனால 9.2ன்றது சாப்பாட்டுல மட்டும் சரி பண்ற எடம் இல்ல. நம்ம நாட்டுல 2019-21ல எடுத்த குடும்ப நல சர்வேல 15ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு அனீமியா, அதனால இது உங்க வீட்டுக்கு மட்டும் வந்த கேடு இல்ல, ஆனா அசட்டையும் கூடாது. மொத மூணு மாசம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, நாலாவது மாசத்துல இருந்து 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் சேந்த மாத்திரை அரசு ஆஸ்பத்திரிலயே இலவசமா குடுப்பாங்க, 9.2க்கு எத்தன மாத்திரை, எப்போ ஆரம்பிக்கறதுன்னு டாக்டர் சொல்லட்டும். தலசீமியா மைனர், அதாவது அந்த கோளாறோட லேசான வகை, இருக்கான்னும், பி12 எவ்ளோன்னும் ஒரு தடவ பாத்துட சொல்லுங்க, எல்லா ரத்தக் கொறைவும் இரும்பால வரதில்ல. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே நேரத்துல போடக்கூடாது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு தடுக்கும். டீ, காபி மாத்திரைக்கு முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரம் தள்ளி. மாத்திரை போடும்போது ஒரு எலுமிச்ச ஜூஸ் இருந்தா நல்லா ஏறும்.

சுவரொட்டி வாரத்துக்கு ரெண்டு நாள் குடுங்க. ஆயா சொல்ற மாதிரி தணல்ல வாட்டி, நடுவுல ரத்தம் கசியற பதத்துல மட்டும் குடுக்காதீங்க, அரவேக்காட்டு ஆட்டுக்கறில டாக்சோபிளாஸ்மான்னு ஒரு கிருமி இருக்கலாம், அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, வயித்துல இருக்க கொழந்தைக்கு கண்ணு மூளை வரைக்கும் பாதிக்கும். மேல இருக்க மெல்லிசு தோல உரிச்சுட்டு, சின்ன சின்னதா நறுக்கி, சின்ன வெங்காயம், மொளகு, மஞ்சத்தூள் போட்டு உள்ள வரைக்கும் நெறம் மாறுற வரைக்கும் வதக்குங்க. கூட கீரை பொரியல் ஒரு கரண்டி இருந்தா இன்னும் நல்லது, கறி கூட சாப்பிட்டா கீரைல இருக்க இரும்பும் கூடவே கொஞ்சம் ஏறும்.

ஒரு ஆட்டுக்கு ஒண்ணு தான்றதால ஞாயித்துக்கிழம எட்டு மணிக்கு மேல போனா சுவரொட்டி இருக்காது, யாராவது வாங்கிட்டு போயிருப்பாங்க. சனிக்கிழம சாயங்காலமே கடைக்காரர் கிட்ட புள்ளத்தாச்சிக்குன்னு ஒரு வார்த்த சொல்லி வெச்சுடுங்க. பெரியப்பா கடைல அப்படி சொன்னவங்களுக்கு எடுத்து ஒரு இலைல சுத்தி தனியா வெச்சுடுவாரு, வேற யாரு வந்து காசு கூட குடுக்கறேன்னு நின்னாலும் தரமாட்டாரு.